முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

கோவில்பட்டியில் ஜேம்ஸ்ராஜைப் பார்த்து "எப்படி இருக்கீங்க" என்று கேட்டவர்கள் ஏற வேண்டிய பஸ்ஸைத் தவறவிடுவார்கள். மற்றவர்கள் அந்தக் கேள்விக்கு "இருக்கேன்" என்று ஒற்றைச் சொல்லைச் செலுத்திவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஜேம்ஸ்ராஜ் நின்று பதில் சொல்வார். காலையில் கண் திறந்தது, பல் விளக்கியது, விளக்குவதற்குப் பல் இருந்தது, இட்லி வெந்தது, வெந்த இட்லி தொண்டையில் இறங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் கர்த்தருக்கு நன்றி சொல்லி, கேட்டவர் வீட்டுக்கும் சேர்த்து நன்றி சொல்லி முடிப்பார். அந்த இடத்தில் மகிழ்ச்சி இல்லாத ஒரே ஆள் கேட்டவராகத்தான் இருப்பார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை அவருடையது. உள்ளே நுழைந்தால் மூக்கு எரியும், கண்ணில் நீர் வரும். அந்த நெடிக்குள் ஒரு மனிதர் வருஷக்கணக்காகச் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

பிறந்தது நாகலாபுரம் பக்கம். வானத்தைப் பார்த்து மிளகாயும் பருத்தியும் போடுகிற குடும்பம். அவருடைய அப்பா அந்த வட்டாரத்திலேயே பேர்போன புலம்பல்காரர். மழை பெய்யாவிட்டால் செடி காயுதே என்பார். பெய்தால், களத்தில் கிடக்கிற வத்தல் கறுக்குதே என்பார். இரண்டும் அளவாக நடந்த வருஷத்தில் விலை விழுந்துவிடும், அதையும் சொல்வார். சொல்வதற்கு எதுவுமே அகப்படாத நாளில், "இன்னைக்கு என்னமோ நெஞ்சு லேசா இருக்கு, என்ன கேடு வரப்போகுதோ" என்பார். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை பெரியவனானதும் ஒன்று சாமியாராகப் போக வேண்டும், அல்லது சிரிக்கத் தொடங்க வேண்டும். ஜேம்ஸ்ராஜ் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

ஆனாலும் முதலில் அவர் சிரித்தது சாதாரண மனிதர்கள் சிரிக்கிற அளவுக்குத்தான். சபையில் ஒருமுறை வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் வந்து மனமகிழ்ச்சி முகாம் நடத்திவிட்டுப் போனார். காலையில் கண்ணாடியைப் பார்த்துப் புன்னகை செய். குறைச்சொல் எதையும் நாக்கில் ஏற்றாதே. வேண்டிக்கொண்டது கைக்கு வரும் முன்பே வந்துவிட்டதாக நம்பி நன்றி சொல்லிவிடு. இடையில் விளக்கம் கொடுத்தால் அது சந்தேகம். இதுதான் பாடம். முகாமுக்குப் போன மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டோடு சேர்த்து அதையும் ஜீரணித்துவிட்டார்கள். ஜேம்ஸ்ராஜுக்கு மட்டும் ரத்தத்தில் கலந்துவிட்டது. அன்றிலிருந்து சபையின் வாட்ஸப் குழுவில் சேவலுக்கு முன்னால் அவர் கூவினார். "இன்றைய மகிழ்ச்சி" என்று தொடங்கும் குரல்பதிவு.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அது வேஷம் இல்லை. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற பேபி, கணவன் இறந்தபிறகு அந்தக் காலைக் குரல்தான் தன்னைப் பாயை விட்டு எழுப்பியது என்று இன்றைக்கும் சொல்வாள். ஆஸ்பத்திரியில் யார் படுத்திருந்தாலும் ஃபிளாஸ்க்கில் காபியோடு போய் நிற்பவர் ஜேம்ஸ்ராஜ். அவரை வைத்துச் சிரிக்கலாம். அயோக்கியர் என்று யாரும் சொல்ல முடியாது. சங்கடமே அதில்தான் இருக்கிறது.

கடையில் இந்த மகிழ்ச்சியால் வியாபாரம் கொஞ்சம் படுத்தது. விளாத்திகுளத்திலிருந்து வந்த முத்துகிருஷ்ணன் என்ற சம்சாரி ஒருநாள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மொளகாச் செடி வாடுது அண்ணாச்சி. என்ன அடிக்கலாம்?"

"வாடுதுன்னு சொல்லாதீங்க. நல்லா வருதுன்னு சொல்லுங்க."

"நல்லா வருது."

"பாத்தீங்களா, சொன்ன ஒடனே முகமே தெளிஞ்சிட்டு."

"அப்பம் மருந்து வேண்டாம். வாரேன்" என்று முத்துகிருஷ்ணன் எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

கடைக்கு எதிர்க்கடை இருந்தது. வீட்டுக்கு எதிர்வீடு எங்கே இருக்கிறது? வீட்டில் "வலிக்குது" என்ற சொல்லுக்குத் தடை. மனைவி ஸ்டெல்லாமேரி, "முட்டி சொகமாயிட்டு வருது, அதான் மாடிப்படி ஏற முடியல" என்று பேசப் பழகிக்கொண்டார். மகன் பிரின்ஸ்டன் நூல்மில்லில் எலக்ட்ரீசியன். வீட்டில் மின்சாரம் போனால்கூட "போச்சு" என்று சொல்லாமல் "வரப்போகுது" என்பான். மருமகள் ஷைலா கடலைமிட்டாய் கம்பெனியில் பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்பவள். வந்த புதிதில் அவளுக்கு இந்த மொழி புரியவில்லை. போகப்போகப் பிடிபட்டுவிட்டது. மாமனார் கண்ணில் பட்டதும் முகத்தில் ஒரு புன்னகையை எடுத்து வைத்துவிடுவாள். அவர் தாண்டிப் போனதும் எடுத்துவிடுவாள்.

கல்யாணமாகி வருஷங்கள் போய்விட்டன, குழந்தை இல்லை. தெருவும் சபையும் இதைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. வயிற்றைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்க்கும். ஜேம்ஸ்ராஜ் தினமும் இதற்காக முழங்காலில் நின்று ஜெபித்தார். மருமகள் மேல் அவருக்கு உண்மையான பிரியம். அவளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் குறைச்சொல் ஏதாவது வந்துவிடும் அல்லவா.

சபையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம் உண்டு. பிரசங்கத்துக்கு முன்னால் யார் வேண்டுமானாலும் எழுந்து கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சொல்லலாம். மகனுக்கு வேலை கிடைத்தது, சிறுநீரகக் கல் கரைந்தது, காணாமல்போன ஆடு தானாகத் திரும்பி வந்தது என்று சொல்வார்கள். நன்மையின் அளவுக்குத் தக்கபடி சபை "ஆமென்" சொல்லும். கல்லுக்கு ஒரு சத்தம், ஆட்டுக்கு ஒரு சத்தம்.

அந்த மாதம் ஒருவரும் எழவில்லை. மின்விசிறி மட்டும் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. போதகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இந்த மாசம் கர்த்தர் ஒருத்தருக்கும் ஒண்ணும் செய்யலையா?"

அந்தக் கேள்வி ஜேம்ஸ்ராஜுக்குத் தாங்கவில்லை. கர்த்தரின் மானமே போவதாகத் தோன்றியது. எழுந்தார். முந்தின நாள் ஜெபத்தில் நெஞ்சு நிறைந்து வந்தது நினைவுக்கு வந்தது. வந்துவிட்டதாக நம்பி நன்றி சொல், விளக்கம் கொடுக்காதே.

"என் மருமக ஷைலாவுக்குக் கர்த்தர் கர்ப்பத்தின் கனியைக் கொடுத்திருக்கார். ஸ்தோத்திரம்."

கல்லும் ஆடும் காணாத ஆமென் அன்று கிளம்பியது. ஆண்கள் பக்கம் கை தட்டினார்கள். பெண்கள் பக்கம் முக்காடு போட்ட முந்தானைகள் எல்லாம் ஒரே திசையில் திரும்பின. அங்கே ஷைலாவின் முகத்தில் வீட்டுப் புன்னகை தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. அதை எப்படி எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆராதனை முடிந்து செருப்பைத் தேடுவதற்குள் சூழ்ந்துகொண்டார்கள். பெண்கள் சங்கத்தை நடத்துகிற ஜெயஷீலா அவள் கன்னத்தைக் கிள்ளினார்.

"ஏட்டி கள்ளி, எங்கிட்டகூட மூச்சு விடலயே."

"இல்லக்கா, வந்து..."

"ஒண்ணும் சொல்லாண்டாம், மொதல் மூணு மாசம் பொத்தித்தான் வைக்கணும். ஒங்க மாமாவுக்கு வாய் நிக்காது. பப்பாளி தொடாத. மிட்டாய்ப் பெட்டியத் தூக்காத. இங்கன திரும்பு, மொகத்தப் பாப்போம். பொம்பளப் புள்ளதான்."

வாசலில் பைக்கைப் பிடித்துக்கொண்டு பிரின்ஸ்டன் நின்றான். கண் கலங்கியிருந்தது. "எங்கிட்டச் சொல்லாம அப்பாகிட்டச் சொன்னியாக்கும்" என்றான். கோபத்தில் கேட்டிருந்தால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியும். அவன் சந்தோஷத்தில் கேட்டான். "வீட்டுக்குப் போவோம்" என்று மட்டும் சொன்னாள்.

பைக்கை அவன் ஒருநாளும் அத்தனை மெதுவாக ஓட்டியதில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிரேக் பிடித்து, கால் ஊன்றி, அலுங்காமல் இறக்கி ஏற்றினான். ரயில்வே கேட் அடைத்திருந்தது. அங்கே, மற்ற வண்டிகளின் ஹாரனுக்கு நடுவே, அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னாள். கேட் திறந்தது. அதற்கப்புறம் அவன் பள்ளம் பார்த்து ஓட்டவில்லை.

ஜேம்ஸ்ராஜும் ஸ்டெல்லாமேரியும் டவுன் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். பஸ் முழுக்க அவர் பேசிக்கொண்டு வந்தார், மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் மாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. போர் மோட்டார் ஓடும் சத்தம். ஜேம்ஸ்ராஜுக்குப் புல்லரித்தது.

"ஊரே குடத்தோட அலையுத காலத்துல நம்ம தொட்டி வழியுது பாத்தியா. ஆசீர்வாதம்."

"ஆசீர்வாதம் இல்ல. உங்க மருமக."

அவருக்குப் புரியவில்லை.

"அவ குளிக்கிற ரூம்ல அழுதுட்டு இருக்கா. சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னு மோட்டாரப் போட்டிருக்கா. மாசாமாசம் அந்த நாள் வந்தா இப்படித்தான் போடுதா. முந்தாநாத்து தூரமானவள, எந்திரிச்சு நின்னு உண்டாயிருக்கான்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க."

"நான் விசுவாசத்துல..."

"எங்கம்மா செத்தன்னைக்கு நானும் போட்டேன் மோட்டாரு. அன்னைக்கும் தொட்டி வழிஞ்சுது. நீங்க அதுக்கும் ஸ்தோத்திரம்னீங்க."

ஸ்டெல்லாமேரி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் சபைக்கு வந்து, அதைப் பற்றி ஒன்றும் பேசாதவர். அன்று பேசினார்: "எங்க கோயில்ல வியாகுல மாதான்னு ஒரு மாதா உண்டு. நெஞ்சுல வாள் குத்தி, அழுத மொகத்தோடதான் நிப்பா. மாதாவே அழலாம். இந்த வீட்டுல நாங்க அழக்கூடாது."

ஜேம்ஸ்ராஜ் ஏதாவது செய்தாக வேண்டுமே என்று மோட்டார் சுவிட்சுப் பக்கம் கையைக் கொண்டுபோனார். ஸ்டெல்லாமேரி அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"ஓடட்டும்."

சாயங்காலம் ஷைலா வெளியே வந்து அடுக்களையில் காபி போட்டாள். ஜேம்ஸ்ராஜ் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, அடுத்த மாச சாட்சில நானே எந்திரிச்சு, தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லிருதேன்."

"வேண்டாம் மாமா. உங்க வாயால உண்டாயிட்டேன். உங்க வாயால அது கலையவும் வேண்டாம். கூட்டத்துல இனி எம்பேரு வரக்கூடாது." டம்ளரை நீட்டினாள். "எங்கிட்ட வந்து யாரும் கேக்காத அன்னைக்கு நான் கோயிலுக்கு வாரேன். அதுவரைக்கும் வரல. அத எப்படிச் செய்வீங்களோ எனக்குத் தெரியாது."

ஒரே மூச்சில் சபை முழுவதுக்கும் சொன்னதை இனி ஒவ்வொரு வாசலாகப் போய்த் திருப்பி எடுக்க வேண்டும். மறுநாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினார். முதல் வீடு ஜெயஷீலாவுடையது. அவர் மாவடு ஊறுகாயை ஜாடியில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார், ஷைலாவுக்குத்தான்.

"தங்கச்சி, நேத்து நான் சொன்னது... அப்படி ஒண்ணும் இல்ல."

"எது இல்ல?"

"ஷைலா உண்டாகல. நான் விசுவாசத்துல சொன்னேன்."

"அண்ணாச்சி, மொதல்ல வாயக் கொப்புளிங்க. நீங்களே அவிசுவாசமாப் பேசலாமா? இல்லன்னு சொன்னா இல்லாமத்தான் போவும். இருக்குன்னு சொல்லுங்க."

"இல்ல தங்கச்சி, நெசமாவே..."

"நீங்கதான அண்ணாச்சி தெனம் காலைல சொல்லுதீங்க. இருக்கு. சொல்லுங்க."

வாடுகிற செடியை நல்லா வருது என்று சொன்ன முத்துகிருஷ்ணனின் முகம் அப்போது ஜேம்ஸ்ராஜுக்குப் புரிந்தது. அவருக்கு எழுந்து போக எதிர்க்கடை இருந்தது. இவர் தலையில் ஜெயஷீலா கை வைத்து, அண்ணாச்சியைப் பிடித்திருக்கிற சந்தேகத்தின் ஆவி ஓடிப்போக வேண்டும் என்று உருக்கமாக ஜெபம் செய்தார். ஜேம்ஸ்ராஜ் கடைசியில் ஆமென் சொன்னார். ஊறுகாய் ஜாடியோடு வெளியே வந்தார்.

மற்ற வீடுகளில் வேறு விதமாகப் போயிற்று. "இல்ல" என்று அவர் தலை குனிந்து சொன்னதைப் பார்த்து அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள். மறுநாள் தெருவில், ஷைலாவுக்குக் கலைந்துவிட்டதாம் என்ற பேச்சு. சூடான கருப்பட்டிக் காபியும் பரிதாபமுமாக இரண்டு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஷைலா கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜேம்ஸ்ராஜ் போன வாசல்களுக்கே திரும்பப் போனார். விசுவாசம், முன்கூட்டிய நன்றி என்று எந்த வார்த்தையைச் சொன்னாலும் அது வேறு எங்கோ போய் முட்டியது. கடைசியில் ஒரு வீட்டில் களைத்துப்போய், "பொய் சொல்லிட்டேன்" என்றார். சட்டென்று புரிந்துகொண்டார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை அது ஒன்றுதான் போலிருக்கிறது. அதற்குப் பிறகு எல்லா வாசலிலும் அதையே சொன்னார். "ஷைலா உண்டாகவும் இல்ல, கலையவும் இல்ல. நான் பொய் சொல்லிட்டேன். அவகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க." எதிரே நிற்பவரின் முகத்தில் முதலில் குழப்பம் வரும், பிறகு புரியும், பிறகு கண் வேறு பக்கம் போகும். அந்தக் கண் போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஜெயஷீலா, "கோயிலுக்குள்ள நின்னா சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். ஊறுகாய் ஜாடியை அவர் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை, அதைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் நடக்க வேண்டியதாயிற்று.

அந்த நாட்களில் காலைக் குரல்பதிவு வரவில்லை. கண்ணாடி முன்னால் நின்றால் சிரிப்பு வரவில்லை, ஜெபத்தில் நின்றால் நன்றியைத் தவிர வேறு வார்த்தை தெரியவில்லை. கல்யாணமான புதிதில் ஸ்டெல்லாமேரி ஜெபத்தில் "என் பாவமே" என்று மார்பைத் தட்டிக்கொண்டதும், "இது என்ன பழக்கம்" என்று தான் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. அறையில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு ஒருமுறை மெல்லத் தட்டிப் பார்த்தார். கை கூசியது.

கடைசி வாசல் பேபியுடையது. அவள் தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். பேபி கண்ணை வேறு பக்கம் திருப்பவில்லை.

"சரி அண்ணாச்சி. ஷைலா எப்படி இருக்கா?"

ஜேம்ஸ்ராஜ் வாயைத் திறந்தார். தெருத்தெருவாக ஷைலாவைப் பற்றியே பேசிவிட்டு வந்திருக்கிறார். ஷைலாவிடம் இதைக் கேட்கவில்லை. ஊரில் எவன் கேட்டாலும் நின்று பதில் சொல்கிற கேள்வி.

"தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டில் ஷைலா மாமியாரோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜேம்ஸ்ராஜ் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எப்படிம்மா இருக்க?"

"நல்லாருக்கேன் மாமா, ஸ்தோத்திரம்." கை கீரையில் இருந்தது. புன்னகை அதன் இடத்துக்கு வந்துவிட்டது.

"அது நான் பழக்கினது. நெசமாக் கேக்குதேன்."

ஷைலா மாமியாரைப் பார்த்தாள். ஸ்டெல்லாமேரி கீரையைப் பார்த்தார்.

"நல்லா இல்ல மாமா."

இந்த வாக்கியத்துக்கு ஜேம்ஸ்ராஜிடம் பதில்கள் நிறைய இருந்தன. அப்படிச் சொல்லக்கூடாது, நம்பிக்கையோடு இரு, எல்லாம் நன்மைக்கே. ஒவ்வொன்றாக நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கினார். அவை சின்ன மாத்திரைகள் அல்ல. "சரிம்மா" என்றார்.

"கம்பெனிலயும் தெரிஞ்சிட்டு. பேக்கிங் புள்ளைங்க எனக்கு உக்கார ஸ்டூல் கொண்டாந்து போட்டுச்சுக. பெட்டியத் தூக்க விடல. இல்லன்னு நான் சொல்லல மாமா. உக்காந்துட்டேன். மறுநாளும் உக்காந்தேன். கொஞ்சம் நல்லாவும் இருந்துச்சு. அத நெனச்சாத்தான் வெக்கமா இருக்கு. பொய்யி நானும் சொல்லிருக்கேன்ல."

ஜேம்ஸ்ராஜுக்குக் காது எரிந்தது. தான் வாசல் வாசலாகச் சுமந்து திரிந்த வெட்கம் தன்னுடையது மட்டும் என்று நினைத்திருந்தார். பாதியைத் தெரியாமல் வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அதுவும் இவள் மடியில்.

"வெக்கப்பட வேண்டியவன் நான்மா. நீ இல்ல."

"நீங்களும் படுங்க மாமா. எனக்குள்ளது எனக்கு." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து போகவில்லை. கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள். ஸ்டெல்லாமேரி அவள் முதுகில் கை வைத்தார். ஜேம்ஸ்ராஜ் என்ன செய்வதென்று தெரியாமல், தள்ளி வைத்த கீரையை எடுத்து ஆய்ந்தார். தண்டை வைத்துக்கொண்டு இலையைக் குப்பையில் போட்டார். யாரும் திருத்தவில்லை.

அடுத்த மாத முதல் ஞாயிறு காலையில் ஷைலா சேலையை மடித்துப் பின் குத்திக்கொண்டு வெளியே வந்தாள். "நான் வாரேன். நீங்க எந்திரிக்கக் கூடாது" என்றாள்.

"எந்திரிக்க மாட்டேன்."

சபையில் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வயிற்றையும் பார்க்கவில்லை. முதல் தடவையாக முகத்தைப் பார்த்து "வா ஷைலா" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பார்வைகள் எல்லாம் ஆண்கள் பக்கம் ஜேம்ஸ்ராஜ் மேல் இருந்தன. பாட்டுக்கள் முடிந்தன. சாட்சி நேரம் வந்தது. யாரும் எழவில்லை. போதகர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கர்த்தர் செஞ்ச நன்மையச் சொல்ல ஒருத்தரும் இல்லையா?"

ஜேம்ஸ்ராஜின் மூளை உட்கார்ந்துதான் இருந்தது. முழங்கால்களுக்கு விஷயம் போய்ச் சேரவில்லை. பாதி எழுந்துவிட்டார். பெஞ்சு கிரீச்சிட்டது. சபை முழுவதும் மூச்சைப் பிடித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஷைலா திரும்பினாள். அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்தவள் வீட்டைத் திரும்பிப் பார்க்கிற பார்வை.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் போதகர்.

"சொல்ல ஒண்ணும் இல்ல ஐயா."

பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் "ஸ்தோத்திரம்" என்றார். இரண்டொருவர் சிரித்துவிட்டு இருமினார்கள். ஜேம்ஸ்ராஜ் உட்கார்ந்தார். காதுமடல் சிவந்திருந்தது. ஷைலா இன்னும் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டு, முன்பக்கம் திரும்பிப் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். ஜேம்ஸ்ராஜ் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, ஆராதனை முடியும் வரைக்கும் அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.